ஸ்டாண்டர்ட் ஹெரால்டு: ஸ்டியரிங் கனத்தால், இழுத்தால், ஆடினால்

1961 முதல் சென்னையில் செய்யப்பட்ட ஸ்டாண்டர்ட் ஹெரால்டு கார்களில் இன்னும் ஓடுபவை கொஞ்சம்தான். ஓடுகிற வண்டிகளிலிருந்து எனக்கு வரும் புகார்களில் பாதிக்கு மேல் முன்சக்கரத்தைப் பற்றியவை. என் வண்டியிலும் நண்பர்கள் வண்டிகளிலும் அதே ஐந்தாறு கோளாறுகளைத் திரும்பத் திரும்பச் சரிசெய்ததில், எதை முதலில் பார்ப்பது, எதைக் கடைசியில் பார்ப்பது என்று ஒரு வரிசை கைக்கு வந்துவிட்டது. அதைத்தான் கீழே எழுதியிருக்கிறேன். இரண்டு கதவு, நான்கு கதவு இரண்டுக்கும் பொருந்தும். எழுபதுகளில் வந்த ஸ்டாண்டர்ட் கேஸல் காருக்கும் முன்பக்கம் பெரும்பாலும் இதேதான்.

வேலையில் இறங்கும் முன் இரண்டு விஷயம். வண்டியை ஜாக்கியில் மட்டும் நிறுத்திவிட்டுக் கீழே கை விடாதீர்கள். சேஸிஸின் நடு உறுப்புக்கு அடியில் இரண்டு ஸ்டாண்டு கொடுங்கள். பக்கவாட்டில் நீளும் கிளைகள் துருப்பிடித்து உள்ளே பொள்ளலாக இருக்கும், அவற்றில் முட்டு வைக்க வேண்டாம். செங்கல் அடுக்கவே கூடாது, அழுத்தத்தில் அது சொல்லாமல் பிளக்கும்.

இன்னொன்று மகிழ்ச்சியான விஷயம். இந்த வண்டியின் பானெட் இரண்டு மட்கார்டுகளோடு சேர்ந்து முன்பக்கமாகக் கவிழ்ந்து திறக்கும். டயர் மேலேயே உட்கார்ந்துகொண்டு ரேக் (ஸ்டியரிங் திருப்பத்தை இடவல நகர்வாக்கிச் சக்கரங்களைத் திருப்பும் பல் தண்டு), ஸ்பிரிங், ஆர்ம், ஷாக் அப்சர்பர் எல்லாவற்றையும் கண்ணால் பார்க்கலாம். இவ்வளவு வசதியாக முன்பக்கத்தைக் காட்டும் வண்டி வேறு எதையும் நான் தொட்டதில்லை. ஆகவே எந்தப் புகாராக இருந்தாலும் முதலில் பானெட்டைத் திறந்து, டார்ச் அடித்து, பத்து நிமிடம் சும்மா பாருங்கள். கிழிந்த ரப்பர், காணாமல் போன காட்டர் பின் (நட்டு கழலாமல் பூட்டும் கம்பி), புதிதாகப் பளபளக்கும் உராய்வுத் தடம், ஒரு பக்கம் மட்டும் கசிந்த எண்ணெய் என்று பாதி விடை அங்கேயே கிடைக்கும்.

## ஸ்டியரிங் கனமாக இருக்கிறது

ஹெரால்டின் ஸ்டியரிங் இரண்டு விரலில் திரும்ப வேண்டியது. சுமார் 25 அடி வட்டத்தில் வண்டி திரும்பிவிடும், லண்டன் டாக்ஸியைப் போல. நிறுத்தும்போது தோள் வலிக்கிறது என்றால் அதை "பழைய வண்டி, அப்படித்தான் இருக்கும்" என்று விட்டுவிடாதீர்கள். இந்தப் பட்டியலில் உயிருக்கு ஆபத்தான கோளாறின் முதல் அறிகுறி இதுதான்.

காற்று. முன்டயரில் காற்று குறைந்திருக்கிறதா? காலையில் ஓட்டும் முன், டயர் குளிர்ந்திருக்கும்போது அளவெடுங்கள். அகலமான டயர் மாட்டியிருந்தாலும் கனக்கும்.

சக்கரத்தைத் தூக்கிப் பாருங்கள். முன்பக்கம் இரண்டு சக்கரமும் தரையை விட்டு எழும்பட்டும். இப்போது ஸ்டியரிங்கை ஒரு கோடியிலிருந்து மறுகோடிக்குத் திருப்புங்கள். லேசாகச் சுழன்றால் குறை டயரிலோ காற்றிலோதான். இப்போதும் கனத்தால் அடுத்த படி.

எங்கே பிடிக்கிறது என்று பிரித்தறியுங்கள். இரண்டு பக்கமும் டை ராடு எண்டை, அதாவது ரேக்கிலிருந்து சக்கரத்துக்கு வரும் தண்டின் முனை மூட்டை, கழற்றுங்கள். நட்டை எடுத்ததும் கூம்பு இறுகிப் பிடித்திருக்கும். கூம்பு உட்கார்ந்திருக்கும் ஸ்டியரிங் ஆர்மின் கண்ணுக்கு ஒரு பக்கம் கனமான சுத்தியலை அணையாகக் கொடுத்து, எதிர்ப்பக்கம் இன்னொரு சுத்தியலால் வெட்டென்று ஒரு போடு போட்டால் விடும். மரையின் மேல் அடிக்காதீர்கள். கழன்றதும் ஸ்டியரிங்கைத் தனியாகத் திருப்பிப் பாருங்கள், பிறகு ஒவ்வொரு சக்கரத்தையும் கையால் இடவலமாகத் திருப்பிப் பாருங்கள்.

ஸ்டியரிங் கனம், சக்கரம் லேசு என்றால் ரேக்கில் கிரீஸ் வற்றியிருக்கும், அல்லது டாஷ்போர்டுக்குக் கீழே ஸ்டியரிங் காலத்தின் (ஸ்டியரிங்கிலிருந்து இறங்கும் தண்டின்) புஷ் பிடித்திருக்கும். ரேக்குக்குக் கொஞ்சம் கிரீஸ் போதும். அளவு மீறி அடித்தால் இரு முனை ரப்பர் உறையும் பிதுங்கிக் கிழியும்.

ஸ்டியரிங் லேசு, சக்கரம் கனம் என்றால் ட்ரனியன். என் அனுபவத்தில் பத்துக்கு எட்டு முறை இதுதான்.

### ட்ரனியன்: இதற்குக் கிரீஸ் கூடாது

சக்கரத்தைத் தாங்கி நிற்கும் எஃகு வெர்டிகல் லிங்கின் அடிமுனை மரை போட்டது. அது வெண்கல ட்ரனியனுக்குள் திருகி இறங்கியிருக்கும். நீங்கள் ஸ்டியரிங் திருப்பும் ஒவ்வொரு முறையும் அந்த மரைதான் சுழல்கிறது, வண்டியின் முன்பாரமும் அதன் மேல்தான். அதற்குப் போட வேண்டியது 90 நம்பர் கியர் ஆயில். கிரீஸ் அடித்தால் அது அடியில் தங்கிக் கெட்டியாகும், மரையின் மேல்பகுதிக்கு ஏறாது. அந்த மேல்பகுதியில்தான் மழைத்தண்ணீர் புகுந்து துரு பிடிக்கும். வெளியிலிருந்து பார்த்தால் கிரீஸ் வழிந்து நன்றாகப் பராமரித்த வண்டி மாதிரியே தெரியும்.

என் வண்டியை வாங்கியபோது அப்படித்தான் இருந்தது. முந்தைய ஆண்டுகளில் அது போய்வந்த ஒரு பட்டறையில் ஒவ்வொரு சர்வீசுக்கும் தவறாமல் கிரீஸ் அடித்திருக்கிறார்கள். அக்கறையாகத்தான் செய்திருக்கிறார்கள், ஆனால் தப்பான பொருளை. இடது பக்கத்தைப் பிரித்தபோது லிங்கின் மரைக்கு மேலே, ரப்பர் சீல் உட்காரும் இடத்தில், எஃகு அரித்துக் கழுத்து சிறுத்திருந்தது. அந்தக் கழுத்து ஒடிந்தால் சக்கரம் வண்டிக்கு அடியில் மடங்கிவிடும். பெரும்பாலும் மெதுவாக, முழுதாகத் திருப்பி நிறுத்தும்போது ஒடியும் என்பார்கள். எப்போதும் அப்படியே நடக்கும் என்று நம்பி நெடுஞ்சாலையில் குடும்பத்தோடு போக எனக்கு மனம் வரவில்லை.

ஆயில் போடும் முறை: ட்ரனியனில் ஒரு சின்ன பிளக் இருக்கும், அதைக் கழற்றி ஒரு கிரீஸ் நிப்பிளைத் திருகுங்கள். தனியாக ஒரு கிரீஸ் கன் வைத்துக்கொண்டு அதில் 90 ஆயில் நிரப்புங்கள். கிரீஸ் போட்ட கன்னையே துடைத்துப் பயன்படுத்த வேண்டாம். சக்கரம் தூக்கிய நிலையில் இருக்கட்டும். மேல் சீலுக்கு அடியில் ஆயில் கசியும் வரை அடியுங்கள், இடையிடையே சக்கரத்தை இரு கோடிக்கும் திருப்புங்கள். முதலில் கறுப்பாகவோ காவியாகவோ வரும். தெளிவாக வரும் வரை விடாதீர்கள். பிறகு நிப்பிளை எடுத்துவிட்டு பிளக்கைப் போடுங்கள்.

நான் இதை 1,500 கிலோமீட்டருக்கு ஒரு முறையும், ஐப்பசி மழைக்கு முன்னும் பின்னும் ஒரு முறையும் செய்கிறேன். சென்னைத் தெருக்களில் முழங்கால் தண்ணீரில் வண்டி நின்றுவிட்டால் கணக்குப் பார்க்காமல் மறுநாளே செய்யுங்கள். 2015 டிசம்பர் வெள்ளத்தில் நின்ற வண்டிகளில் இன்ஜினை இறக்கிச் சுத்தம் செய்தவர்கள்கூட ட்ரனியனை மறந்துவிட்டார்கள்.

ஆயில் போட்டதும் லேசாகிவிட்டால் தப்பித்தீர்கள் என்று அர்த்தமில்லை. இருபது வருடம் கிரீசில் கிடந்த வண்டி என்றால் ஒரு முறை கழற்றி மரையைக் கண்ணால் பார்த்தே ஆக வேண்டும். பார்க்க வேண்டியவை: மரை தேய்ந்து கூராகியிருக்கிறதா, சீல் இடத்தில் துருக்குழி இருக்கிறதா, ஆயில் அடித்தால் அடியில் ஒழுகிவிடுகிறதா. முதல் இரண்டில் ஒன்று இருந்தாலும் லிங்கையும் ட்ரனியனையும் சேர்த்து மாற்றுங்கள். அடியில் ஒழுகினால் ட்ரனியன் போதும். லேத்தில் கொடுத்து லிங்குக்கு வெல்டு வைத்து மரை வெட்டித் தருகிறேன் என்று யாராவது சொன்னால் வேண்டாம் என்று சொல்லிவிட்டு வந்துவிடுங்கள். அது அடித்து உருவாக்கிய எஃகு, வெல்டு வைத்த இடத்துக்குப் பக்கத்திலேயே ஒடியும்.

மாட்டும்போது இரண்டு தவறுகள் அடிக்கடி நடக்கின்றன. இடது பக்கம் இடது மரை, வலது பக்கம் வலது மரை. இரண்டையும் ஒரே நேரத்தில் கழற்றிக் கலந்துவிடாதீர்கள். அடுத்து, ட்ரனியனை முழுவதும் ஏற்றிவிட்டு அப்படியே மாட்டினால் ஒரு பக்கம் முழுதாகத் திரும்பும்போது மரை அடியில் முட்டும். முழுவதும் ஏற்றிய பிறகு ஒரு சுற்றுக்குள், போல்ட் துளை நேருக்கு வரும் வரை, பின்னால் திருப்பி மாட்டுங்கள்.

மெக்கானிக்கைக் கூப்பிடும் இடம்: ட்ரனியனின் குறுக்கு போல்ட் உள்ளேயே துருவேறி ஒட்டிக்கொண்டு வரவில்லை என்றால். பெரும்பாலும் வராது. ரம்பத்தால் அறுத்தெடுக்க நேரும், அதற்கு ஸ்பிரிங்கின் அழுத்தத்தை முதலில் கட்ட வேண்டும். காயில் ஸ்பிரிங்கும் ஷாக் அப்சர்பரும் சேர்ந்த தொகுதியில், ஸ்பிரிங் கம்ப்ரஸர் இல்லாமல் மேல் நட்டைத் தளர்த்தினால் ஸ்பிரிங் தெறித்து முகத்தில் அடிக்கும். அந்த ஒரு வேலையை நான் வீட்டில் செய்வதில்லை.

## வண்டி ஒரு பக்கமாக இழுக்கிறது

வீல் அலைன்மென்ட் கடைக்கு ஓடுவது கடைசியில். முதலில் காசில்லாத சோதனைகள்.

எப்போதும் இழுக்கிறதா, பிரேக் மிதித்தால் மட்டுமா? பிரேக்கில் மட்டும் என்றால் முன் டிரம்மைப் பாருங்கள். வீல் சிலிண்டர் ஒட்டியிருக்கும், அல்லது ஒரு பக்க லைனிங்கில் எண்ணெய் பட்டிருக்கும். நாலைந்து கிலோமீட்டர் ஓட்டிவிட்டு நிறுத்தி இரு பக்க டிரம்மின் பக்கத்திலும் புறங்கையைக் கொண்டு போங்கள். ஒன்று மட்டும் அனலாக இருந்தால் அந்தப் பக்கம் பிரேக் விடாமல் உரசுகிறது. தொட வேண்டாம், சுடும்.

எப்போதும் இழுத்தால், முன்டயர் இரண்டையும் இடவலம் மாற்றிப் போட்டு ஓட்டுங்கள். இழுப்பு எதிர்ப்பக்கத்துக்கு மாறினால் குறை டயரில். மாறவில்லை என்றால் இரண்டு பக்கமும் லோயர் ஆர்மின் (சக்கரத்தைக் கீழே சேஸிஸோடு இணைக்கும் கையின்) உட்புற ரப்பர் புஷ்களைப் பாருங்கள். ஒன்று நசுங்கியிருந்தாலே சக்கரம் பின்னால் தள்ளி நிற்கும்.

பின்பக்கத்தையும் மறக்காதீர்கள். ஹெரால்டில் பின்சக்கரங்கள் தனித்தனியாக ஆடும், ஒவ்வொன்றையும் ஒரு ரேடியஸ் ஆர்ம் முன்னும் பின்னும் நகராமல் பிடித்திருக்கும். அதன் புஷ் தேய்ந்தால் பின்சக்கரமே வண்டியைத் திருப்பும். ஓட்டுபவருக்கு அது ஸ்டியரிங் கோளாறு போலவே படும். முன்பக்கம் எல்லாம் புதிதாக மாற்றியும் போகாத இழுப்பு ஒன்றை இரண்டு மாதம் தேடிவிட்டு, கடைசியில் பின்னால் ஒரு சின்ன ரப்பரில் கண்டுபிடித்தேன். பின்டயரில் முன்டயரைவிடச் சில பவுண்டு காற்றுக் கூடுதலாக இருக்க வேண்டும் என்பதையும் இங்கேயே சொல்லிவிடுகிறேன். நான்கிலும் ஒரே அளவு அடித்தால் வளைவில் வண்டியின் வால் அலையும்.

இவ்வளவுக்குப் பிறகும் இழுத்தால் சேஸிஸ் வளைந்திருக்கலாம். அப்போது நல்ல அலைன்மென்ட் கடையும், சேஸிஸ் அளவெடுக்கத் தெரிந்த பட்டறையும் வேண்டும்.

## ஸ்டியரிங்கில் ஆட்டம்

ரேக் போட்ட வண்டி இது. விளிம்பில் ஒரு விரல் அகலத்துக்கு மேல் சும்மா சுற்றினால் ஏதோ தளர்ந்திருக்கிறது.

உதவிக்கு ஒருவரை உள்ளே உட்கார வைத்து, சக்கரங்கள் தரையில் இருக்கும்போதே ஸ்டியரிங்கைச் சின்னதாக இடவலம் ஆட்டச் சொல்லுங்கள். நீங்கள் பானெட்டைத் திறந்து, ஸ்டியரிங்கிலிருந்து சக்கரம் வரை வரிசையாக ஒவ்வொரு இணைப்பிலும் விரலை வைத்துக்கொண்டே வாருங்கள். ஒரு பக்கம் அசைந்து மறுபக்கம் அசையாத இடத்தில்தான் தளர்வு.

முதலில் ஸ்டியரிங் காலத்தின் கிளாம்ப் போல்ட்டுகளும் ரப்பர் கப்ளிங்கும். போல்ட்டை இறுக்கினாலே பலமுறை தீர்ந்துவிடும். கப்ளிங் ரப்பர் வெடித்திருந்தால் மாற்றுங்கள், விலை அதிகமில்லை.

அடுத்து ரேக் குழாயே இடவலம் நகர்கிறதா என்று பாருங்கள். ஹெரால்டில் இது மிகச் சாதாரணம். ரேக்கைச் சேஸிஸோடு பிடிக்கும் யு-போல்ட்டுகளுக்கு அடியில் ரப்பர் இருக்கும். இன்ஜின் ஆயில் சொட்டிச் சொட்டி அது கூழாகிவிடும். புது ரப்பர் போட்டாலும் ஆயில் ஒழுக்கை நிறுத்தாவிட்டால் இரண்டு வருடத்தில் மறுபடியும் அதே கதை.

பிறகு டை ராடு எண்ட். மாற்றும்போது பழையதைக் கழற்ற எத்தனை சுற்று என்று எண்ணி, அதே எண்ணிக்கையில் புதியதை ஏற்றுங்கள். அலைன்மென்ட் கடை வரை ஓட்டிப் போக அது போதும்.

இவை எல்லாம் சரியாக இருந்தும் நேராகப் போகும்போது மட்டும் ஆட்டம், திருப்பினால் இறுக்கம் என்றால் ரேக்கின் நடுப்பல் தேய்ந்துவிட்டது. ரேக்கின் மேலே உள்ள மூடியில் ஷிம் (மெல்லிய இடைத்தகடு) எடுத்து இறுக்கி மறைக்கப் பார்ப்பார்கள். நடுவில் ஆட்டம் போகும், ஓரங்களில் பிடித்துக்கொள்ளும், வளைவில் திருப்பிய ஸ்டியரிங் தானாகத் திரும்பி வராது. ரேக்கையே மாற்றுங்கள்.

## குறிப்பிட்ட வேகத்தில் நடுக்கம்

வீல் பேலன்சிங்தான் முதல் சந்தேகம். மாதக்கணக்கில் நின்ற வண்டி என்றால் டயர் ஒரு இடத்தில் தட்டையாகியிருக்கும். பத்துப் பதினைந்து கிலோமீட்டர் ஓடியதும் குறைந்தால் அதுதான். டயரின் பக்கச்சுவரில் நான்கு இலக்க எண் இருக்கும். 2319 என்றால் 2019-ஆம் ஆண்டின் 23-ஆம் வாரம் செய்தது. இந்த வண்டிகள் குறைவாக ஓடுவதால் பட்டன் (டயரின் தரை தொடும் மேடுகள்) தேயாமலேயே ரப்பர் கிழடாகிவிடும். பட்டனைப் பார்த்து ஏமாறாதீர்கள்.

அடுத்து சக்கரத்தைத் தூக்கிச் சுழற்றி, ரிம்முக்குப் பக்கத்தில் ஒரு குச்சியை நிறுத்தி நெளிவு தெரிகிறதா என்று பாருங்கள். பிறகு சக்கரத்தை மேலும் கீழுமாகப் பிடித்து ஆட்டுங்கள். ஆட்டம் தெரிந்தால் ஒருவர் பிரேக்கை மிதிக்க, மறுபடி ஆட்டுங்கள். இப்போது நின்றுவிட்டால் வீல் பேரிங், நிற்கவில்லை என்றால் மேல் பால் ஜாயிண்ட் அல்லது ட்ரனியன். இடவலமாகப் பிடித்து ஆட்டும்போது மட்டும் ஆடினால் டை ராடு எண்ட் அல்லது ரேக். இந்த ஒரு சோதனை பல செலவுகளைத் தவிர்க்கும்.

பேரிங் நட்டை இறுக்கிவிட்டு அறுகோணத்தில் ஒரு முகம் பின்னால் தளர்த்தி, புதிய காட்டர் பின் போடுங்கள். மிகச் சிறிய ஆட்டம் கையில் தெரிய வேண்டும். ஆட்டமே கூடாது என்று இறுக்கினால் பேரிங் சூடேறிப் பிடித்துவிடும்.

## பள்ளத்தில் டக் டக், பிரேக்கில் டொக்

பள்ளத்தில் வரும் சத்தத்துக்கு மலிவானதிலிருந்து தொடங்குங்கள்: ஆன்டி-ரோல் பார் இணைப்பு, ஷாக் அப்சர்பரின் கீழ் ரப்பர், ட்ரனியனின் குறுக்கு போல்ட்டில் உள்ள நைலான் புஷ், மேல் பால் ஜாயிண்ட். ஒரு லிவரை ட்ரனியனுக்கும் ஆர்முக்கும் இடையில் கொடுத்து நெம்பினால் நைலான் புஷ் தேய்மானம் உடனே தெரியும். பிரேக் மிதிக்கும்போது ஒரே ஒரு "டொக்" என்றால் லோயர் ஆர்மின் பிராக்கெட் சேஸிஸோடு சேரும் போல்ட் தளர்ந்திருக்கும். இறுக்கிவிட்டு, அந்த இடத்தில் சேஸிஸில் விரிசல் உண்டா என்று வயர் பிரஷ் போட்டுத் தேய்த்துப் பாருங்கள். விரிசல் இருந்தால் வண்டியை எடுக்காதீர்கள், வெல்டரை வீட்டுக்கு வரவழையுங்கள்.

ரப்பர் புஷ் எதை மாற்றினாலும், வண்டி நான்கு சக்கரத்தில் தரையில் நின்ற பிறகுதான் போல்ட்டைக் கடைசியாக இறுக்க வேண்டும். தொங்கும் நிலையில் இறுக்கினால் இறக்கியதும் ரப்பர் முறுக்கிக்கொண்டு சில மாதத்தில் கிழிந்துவிடும். புது புஷ் நிற்கவில்லை என்று பொருளைக் குறை சொல்பவர்கள் பலரும் செய்திருக்கும் தவறு இதுதான்.

## டயர் ஒரு ஓரமாகத் தேய்கிறது

கையை டயரின் மேல் குறுக்காகத் தடவுங்கள். ஒரு திசையில் வழவழப்பு, எதிர்த்திசையில் ரம்பம் போல் உரசினால் டோ-இன், அதாவது இரு முன்சக்கரங்களின் முன்பக்கம் உள்நோக்கிச் சாயும் அளவு, சரியில்லை. சுமார் 1.5 மி.மீ. உள்நோக்கி இருக்கட்டும். சரிசெய்யும்போது இரண்டு டை ராடையும் சமமாகத் திருப்பச் சொல்லுங்கள். ஒன்றை மட்டும் திருப்பினால் ஸ்டியரிங் கோணலாக நிற்கும், ஒரு பக்கம் குறைவாகத் திரும்பும்.

உள் ஓரமோ வெளி ஓரமோ மட்டும் தேய்ந்தால் கேம்பர், அதாவது முன்னாலிருந்து பார்க்கும்போது சக்கரம் உள்ளோ வெளியோ சாயும் கோணம். ஹெரால்டில் அதைச் சரிசெய்ய, லோயர் ஆர்ம் பிராக்கெட்டுக்கும் சேஸிஸுக்கும் இடையில் தகடு ஷிம்கள் இருக்கும். அலைன்மென்ட் கடையில் பல பையன்களுக்கு இது தெரியாது, "இதில் கேம்பர் கிடையாது சார்" என்பார்கள். நீங்களே காட்டுங்கள். ஆர்மை எப்போது கழற்றினாலும் எந்த இடத்தில் எத்தனை ஷிம் இருந்தது என்று ஒரு தாளில் எழுதிவைத்துக்கொள்ளுங்கள்.

## முன்பக்கம் ஒரு பக்கம் சாய்ந்து நிற்கிறது

முன் ஸ்பிரிங்கை வாங்கும் முன் வண்டியைச் சமதரையில் நிறுத்தி, பின்பக்கத்தையும் அளவெடுங்கள். பின்னால் குறுக்காகப் போகும் பட்டை ஸ்பிரிங் ஒரு பக்கம் தளர்ந்தால் முன்னால் எதிர் மூலை தூக்கும். பின்பக்கத்தை மட்டும் நடுவில் ஜாக்கியால் லேசாகத் தூக்குங்கள். முன்பக்கம் சமமாகிவிட்டால் குறை பட்டையில்தான். அதைப் பட்டை அடிக்கும் பட்டறையில் கொடுக்கலாம். சமமாகவில்லை என்றால் முன் காயில் ஸ்பிரிங் இரண்டையும் ஜோடியாக மாற்றுங்கள், அதுவும் கம்ப்ரஸர் உள்ள பட்டறையில்.

உதிரி பாகத்துக்கு நான் முதலில் போவது ஜெனரல் பேட்டர்ஸ் ரோடு, பிறகு புதுப்பேட்டை. பழைய கடைகளில் எப்போதாவது பெட்டி பிரிக்காத சரக்கு கிடைக்கும். ட்ரனியன் மட்டும் பழைய வண்டியில் கழற்றியதை வாங்குவதில்லை. இங்கிலாந்தில் ட்ரயம்ப் ஹெரால்டுக்கும் (நம் ஹெரால்டின் மூல வண்டி) அதன் உறவான ஸ்பிட்பயர் காருக்கும் இன்னும் புதிதாகச் செய்து விற்கிறார்கள். ஆர்டர் போடும் முன் டிரம் பிரேக் வண்டி என்பதையும், இடதா வலதா என்பதையும் எழுதிவிடுங்கள். சீல், நைலான் புஷ், போல்ட் எல்லாம் அடங்கிய கிட்டையும் சேர்த்தே வரவழையுங்கள், பழைய போல்ட் எப்படியும் அறுபட்டுத்தான் வெளியே வரும்.